கல்வீடும் மண்வீடும்: அயர்லாந்தின் இரு நாட்டுப்புற வீட்டு மரபுகள்

அயர்லாந்தின் நாட்டுப்புற வீடு என்றதும் வெள்ளையடித்த கல்சுவரும் வைக்கோல் கூரையுமாய் மேற்குக் கரையோர வீடே கண்முன் வருகிறது. அஞ்சலட்டைகள் செய்த வேலை அது. உண்மையில் அங்கே இரண்டு பெரும் மரபுகள் உள்ளன. இரண்டிலுமே வீட்டின் அகலம் ஓர் அறைதான். இடம் போதாதபோது வீடு நீளவாக்கிலேயே வளரும். கணப்பு எனும் தீயடுப்புக்கும் வாசலுக்கும் உள்ள உறவில்தான் அவை பிரிகின்றன.

வடக்கிலும் மேற்கிலும் காணப்படும் நேர்வாசல் வீட்டில், கணப்புக்கு எதிர்க்கோடியில் உள்ள கதவு நேராகச் சமையலறைக்குள் திறக்கிறது. பல வீடுகளில் அதற்கு நேரெதிரே இன்னொரு கதவும் உண்டு. காற்றடிக்கும் பக்கத்தை அடைத்து மறுபக்கத்தைத் திறந்துகொள்வார்கள். முற்காலத்தில் கணப்பிலிருந்து தள்ளியிருந்த கோடியில் மாடுகளையும் கட்டினார்கள். வடமேற்கில் கணப்பை ஒட்டிய சுவர் வெளிப்புறமாகப் புடைத்து, ஒரு கட்டிலுக்கு இடம் தருகிறது. டொனகல், மேயோ கரைகளில் அட்லாண்டிக் புயல் கூரையைப் பிய்க்காதபடி, அதன்மேல் கயிறுகளை இழுத்துச் சுவரில் பதித்த கல்முளைகளில் கட்டுகிறார்கள்.

தென்கிழக்கின் தடுப்புவாசல் வீட்டிலோ வாசல் கணப்புக்கு அருகிலேயே இருக்கிறது. இடையில் ஒரு குறுக்குச்சுவர் காற்றைத் தடுக்கிறது. கணப்போரம் அமர்ந்தபடியே வருபவரைப் பார்க்க அச்சுவரில் சிறு சாளரம் வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த நுட்பம். சுவர்கள் பெரும்பாலும் பிசைந்த மண்ணால் ஆனவை. நாற்புறமும் சரியும் கூரை அவற்றை மழையிலிருந்து காக்கிறது.

மரபுச் சின்னம் என்ற வகையில் மேற்கின் கல்வீட்டுக்கே புகழ் அதிகம். டொனகலின் கிளென்கொலம்கில் ஊரில் 1967-இலேயே நாட்டுப்புற அருங்காட்சியகம் எழுந்துவிட்டது. ஆனால் அழியும் வேகத்தை வைத்துப் பார்த்தால் மண்வீடே அவசரமானது. கூரை போனபின்னும் கல்சுவர் பல பத்தாண்டுகள் நிற்கும். மண்சுவர் சில மழைக்காலங்களில் கரைந்து, வீடு இருந்த தடமே தெரியாமல் போகும். நல்லெண்ணத்தோடு பூசப்படும் சிமெண்டும் ஈரத்தை உள்ளே அடைத்து அச்சுவரை உளுத்துப்போகச் செய்கிறது. சுண்ணாம்பே அதற்கு ஏற்றது. திட்டமிடல் சட்டத்தின்கீழ் இருவகையையும் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கலாம். எனினும் பட்டியல் மழையைத் தடுப்பதில்லை. ஒரே ஒரு கூரைக்குத்தான் பணம் இருக்கிறதென்றால், அதைத் தென்கிழக்கிலுள்ள வெக்ஸ்ஃபோர்டின் மண்வீடு ஒன்றுக்கே கொடுக்க வேண்டும் என்பேன்.