பாளைல பழைய போட்டோ சரிபண்ற ஸ்டுடியோ: வேலை அருமை, வாட்டர்மார்க் தான் இடிக்குது

பாளை மார்க்கெட் பக்கம் சந்துக்குள்ள இருக்க சின்ன ஸ்டுடியோ இது, பேர் போடல, ஏன்னு கீழ படிச்சா தெரியும். நான் விஸ்காம் படிக்கேன், அதனால ரிவ்யூ கொஞ்சம் நீளும், பொறுத்துக்கிடுங்க.

குடுத்தது எங்க பூட்டியோட கருப்பு வெள்ளை போட்டோ. பூஞ்சை புடிச்சி, நடுவுல மடிப்பு விழுந்து, ஒரு மூலைய கரையான் தின்னுருச்சு. முதல்ல என் போன்லயே ஒரு ஏஐ ஆப்ல போட்டுப் பாத்தேன், முகம் பளிச்சுன்னு வந்துச்சு, ஆனா காத பாத்தா பாம்படத்தையே காணோம். தோள்பட்டைய தொடுற மாதிரி தொங்குன காத அதுவா நிரப்பி ஒரு ஜிமிக்கி மாட்டி விட்டுருக்கு. இவ்ளோ நீளமா காது இருக்கும்னு அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா. அத காமிச்சதும் ஸ்டுடியோக்கார அண்ணாச்சி சிரிச்சிட்டு "எடே, இது யாரு வீட்டு ஆச்சி"ன்னு கேட்டாவ.

அவரு வேலை பாத்தது தனி ரகம். ஒரிஜினல நல்ல ரெசல்யூஷன்ல ஸ்கேன் பண்ணி, போட்டோஷாப்ல பழுத அழிச்சி ஒட்டுற குளோன் ஸ்டாம்ப், ஹீலிங் பிரஷ் வச்சி கையாலயே, கன்னத்துல இருந்த கோடு பூஞ்சையா சுருக்கமான்னு பாத்துப் பாத்து எடுக்காவ. பாம்படத்துல ஒரு பக்கம் சுத்தமா அழிஞ்சி போச்சு, அதுக்கு வீட்ல இருந்த இன்னொரு போட்டோவ கொண்டு வரச் சொல்லி அதுல இருந்து எடுத்தாவ, அடுத்த பக்கத்த திருப்பி ஒட்டுனா நிழல் மாறிரும்னு. 1982ல நேஷனல் ஜியோகிராபிக் பத்திரிகை அட்டைப் படத்துல பிரமிட நகர்த்தி வச்சி மாட்டுனத வகுப்புல சொல்லுவாவ, அது போட்டோஷாப் வர்றதுக்கு 8 வருஷம் முந்தி. நகர்த்துன பிரமிடாவது நிஜ பிரமிடு, ஏஐ ஆப் மாட்டுன ஜிமிக்கி எவளோட காதுலயும் இருந்ததில்ல. 600 ரூபாதான், மேட் பிரிண்ட்டோட. வீட்ல எல்லாரும் அழுதுட்டாவ, அது வேற விஷயம்.

இப்ப இடிக்கிற விஷயம். மறுநாளு கடையோட வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல பூட்டி நிக்காவ, முந்தி பிந்தின்னு ரெண்டு படம், நெத்திக்கு குறுக்க கடை பேரு வாட்டர்மார்க்கா! காசு வாங்கிட்டு எடுக்கிற போட்டோவுக்கு, வேற ஒப்பந்தம் இல்லன்னா, எடுக்கச் சொன்னவுகதான் முதல் உரிமையாளர்னு 1957 காப்புரிமை (காப்பிரைட்) சட்டத்துலயே இருக்கு, 17வது பிரிவு. அப்ப அது அன்னைக்கு காசு குடுத்த எங்க பூட்டனோடது. சட்டத்த விடுங்க, ஒரு வார்த்தை கேக்கலாம்லா? போன் பண்ணுனேன், உடனே எடுத்துட்டாவ, கோவப்படல.

இன்னொன்னு, கல்யாண பிளக்ஸ் சாம்பிள்ல பின்னாடி மணிமுத்தாறு அருவி, மூலைல யாரோ ஒரு போட்டோகிராபர் பேரு பாதி அழிச்ச தடம் அப்படியே தெரியுது. கேட்டா "கூகுள்ல கிடைச்சது தம்பி, ஊருக்கே பொதுதானே"ங்காவ. பொது இல்ல அண்ணாச்சி. எடுத்தவரு ஆயுசுக்கும், அதுக்கப்புறம் 60 வருஷத்துக்கும் அது அவுக சொத்து, எங்கயும் ரிஜிஸ்டர் பண்ணிருக்கணும்னு கூட இல்ல. பேர தெரிஞ்சே அழிச்சா 2 வருஷம் வரைக்கும் ஜெயில்னு 2012ல 65பி பிரிவு வேற கொண்டு வந்துட்டாவ. இதெல்லாம் சொன்னேன், "வாற மாசம் நானே பாபநாசம் போயி எடுத்துருதேன்"னாவ. பாப்போம்.

கையி மட்டும் தங்கம், அதனால பழைய போட்டோன்னா நான் திரும்ப அங்கதான் போவேன். குடுக்கும்போதே ஸ்டேட்டஸ்ல போடாதீங்கன்னு பில்லுலயே எழுதி வாங்கிருங்க. ஒரிஜினல கையோட திருப்பி வாங்கிட்டு வாங்க, ஸ்கேன் பண்ண செத்த நேரந்தான் ஆகும். முகூர்த்த நாள் பாத்து போகாதீங்க, ஆல்பம் வேலைல முகம் குடுத்து பேச மாட்டாவ.