ஜாப் கார்டில் ஏறாத கோளாறு

புது ஆட்டோமேட்டிக் கார் வாங்கி, கியர் தொந்தரவோடு ஒர்க்‌ஷாப்புக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாங்கப் போகிறவர்களும் படியுங்கள். கம்பெனி பெயரையும் டீலர் பெயரையும் போடவில்லை, விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. நடந்தது மட்டும் நடந்தபடி.

நான் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. வீடு மதுரையில். காளவாசல், நாகமலை புதுக்கோட்டை, செக்கானூரணி வழியாகப் போக வர ஏறக்குறைய 80 கிலோமீட்டர். இடது முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனபிறகு கிளட்ச் மிதிக்க முடியவில்லை. அதனால்தான் ஆட்டோமேட்டிக். 2024 பொங்கலுக்கு முந்தின வாரம் டெலிவரி எடுத்தோம். ஆன் ரோடு 14 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. பாதி சேமிப்பு, மீதி பேங்க் கடன்.

"கிளட்ச்சே கிடையாது மேடம், ஏறி உட்கார்ந்தா போயிக்கிட்டே இருக்கும்" என்று சொல்லித்தான் விற்றார்கள். அது தப்பு. கிளட்ச் இருக்கிறது, அதுவும் இரண்டு. 1, 3, 5, 7 கியர்கள் ஒரு கிளட்சில், 2, 4, 6 கியர்களும் ரிவர்ஸும் இன்னொன்றில். காலால் மிதிக்க வேண்டியதை ஒரு கம்ப்யூட்டர் பெட்டி செய்கிறது, அவ்வளவுதான். இந்த இரட்டைக் கிளட்சிலும் எண்ணெயில் மூழ்கியிருப்பது ஒரு வகை, எண்ணெய் இல்லாத உலர் வகை இன்னொன்று. என் கார் இரண்டாவது வகை. நெரிசலில் ஊர்ந்து போகும்போது கிளட்ச் தகடு பாதி பிடித்தும் பிடிக்காமலும் உரசிக்கொண்டே இருக்கும். உரசினால் சூடேறும். அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள அங்கே எண்ணெய் கிடையாது. டார்க் கன்வெர்ட்டர் (கிளட்சுக்குப் பதிலாகத் திரவம் வழியே எஞ்சின் விசையைக் கடத்தும் பாகம்) உள்ள ஆட்டோமேட்டிக்கில் ஊர்ந்து போகிற நேரத்து வேலையைத் திரவம் பார்த்துக்கொள்கிறது, அதனால் அது இந்த நெரிசலை நன்றாகவே தாங்கும். இதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. ஷோரூமில் ஒருவரும் சொல்லவில்லை. டெஸ்ட் டிரைவ் கூட காலை 10 மணிக்கு, காலியான ரிங் ரோட்டில்தான் கொடுத்தார்கள். நீங்கள் வாங்குவதாக இருந்தால் உச்சி வெயிலில், கோரிப்பாளையம் நெரிசலில் அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

முதல் தொந்தரவு பிப்ரவரி கடைசியில் வந்தது. வண்டி 1,900 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. காளவாசல் சிக்னலில் புறப்படும்போது ஒன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு மாறுகையில் வண்டி உதறியது. ஃப்ரீ சர்வீஸுக்கு விட்டபோது அட்வைசரிடம் சொன்னேன். "புது வண்டி மேடம், கியர்பாக்ஸ் உங்க டிரைவிங்க கத்துக்கிட்டு இருக்கு. 5,000 கிலோமீட்டர் ஓடட்டும், சரியாயிரும்" என்றார். ஓட்டுகிறவர் பழக்கத்துக்கு ஏற்ப அந்தக் கம்ப்யூட்டர் தன்னைச் சரிசெய்துகொள்வது உண்மைதான். அதனால் நம்பினேன். அவர் ஜாப் கார்டை, அதாவது நம் புகாரையும் செய்யும் வேலையையும் பதியும் காகிதத்தை, தட்டெழுதிக்கொண்டிருந்தார், நான் சொன்னதைத்தான் எழுதுகிறார் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்தது ஏப்ரலில், சித்திரைத் திருவிழா நேரம். தல்லாகுளம் பக்கம் வண்டிகளைத் திருப்பிவிட்டிருந்தார்கள். இரண்டு கிலோமீட்டருக்கு 40 நிமிடம். கியர்பாக்ஸ் சூடு அதிகம், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தவும் என்று டாஷ்போர்டில் எச்சரிக்கை வந்தது. அம்மாவை வைத்துக்கொண்டு அந்த வெயிலில் ஓரங்கட்டி நின்றேன். மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் "சாஃப்ட்வேர் அப்டேட் போட்டாச்சு மேடம்" என்றார்கள். பில் இல்லை, காகிதம் இல்லை. இலவசமாகச் செய்தார்கள் என்று நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தேன். மூன்று வாரம் நன்றாக ஓடியது.

ஜூலையில் நடந்ததை நினைத்தால் இன்னும் உடம்பு நடுங்குகிறது. சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில் காரைத் திருப்பிக்கொண்டிருந்தேன். பாதி திரும்பிய நிலையில் ரிவர்ஸ் விழவில்லை. லீவர் ஆர்-இல் இருக்கிறது, வண்டி அசையவில்லை, கியர் எழுத்து கண் சிமிட்டுகிறது. முன்னால் சுவர், இரண்டு பக்கமும் ஆட்டோக்கள், ஹாரன் சத்தம். அங்கிருந்த கடைப் பையன்கள் நாலு பேர் வந்து தள்ளி நேராக்கினார்கள். முன்னால் எடுத்தால் ஒன்றாம் கியர் விழுகிறது, அடுத்து நேராக மூன்று, இரண்டாவது கியரே இல்லை. அதாவது இரட்டைப்படைக் கிளட்ச் முழுசாகக் கைவிட்டுவிட்டது. டோ வண்டியில் கொண்டுபோனார்கள். ஆறு நாள் வைத்திருந்து, "சென்சார் லூஸ் கனெக்‌ஷன், சரி பண்ணியாச்சு" என்று சொல்லி அனுப்பினார்கள். எந்த சென்சார், எங்கே லூஸ் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

செப்டம்பரில் மறுபடி அதே உதறல். இரண்டு நாள் வைத்திருந்தார்கள். "ஓட்டிப் பாத்துட்டோம், ஒண்ணுமே இல்ல மேடம்." இப்போது யோசித்தால், ஏன் ஒன்றும் இல்லை என்பது தெளிவாகத் தெரிகிறது. சூடேறினால் வரும் கோளாறு, ராத்திரி முழுக்க ஆறிப்போன வண்டியைக் காலையில் காலி ரோட்டில் ஓட்டினால் எப்படி வரும்? அன்றைக்கு நான் விடவில்லை, மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். அவர் வந்து முதலில் கேட்டது, "சார் வரலையா மேடம்? சார்கிட்ட பேசிக்கலாமே?" வண்டி என் பேரில் இருக்கிறது, ஓட்டுவது நான், என்னிடமே பேசுங்கள் என்றேன். அப்புறம் சொன்னார்: ஓட்டும் முறையால் கிளட்ச் தேய்ந்திருக்கலாம், கிளட்ச் தேய்மானப் பொருள், வாரண்டியில் வராது, மாற்ற 84,000 ரூபாய் ஆகும்.

ஏழு மாதத்தில் இது நாலாவது முறை, தேய்மானமா என்று கேட்டேன். கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "உங்க ஹிஸ்டரில கியர் கம்ப்ளைன்ட்னு ஒண்ணுகூட இல்லையே மேடம்."

உண்மையிலேயே இல்லை. முதல் முறை, ஃப்ரீ சர்வீஸ். இரண்டாவது முறைக்குப் பதிவே இல்லை. டோ வண்டியில் ஏற்றிக் கொண்டுபோன மூன்றாவது முறைக்கு ஆங்கிலத்தில் ஒரே வரி: பொதுச் சோதனை, வாட்டர் வாஷ். அதன் கீழே என் கையெழுத்து. நான் வாயால் சொன்ன ஒரு வார்த்தைகூட எங்கும் ஏறவில்லை. இது மறதியாக இருக்கும் என்று இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை. வாரண்டி காலத்துக்குள் ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வந்ததாகப் பதிவு இருந்தால்தான் பின்னால் நாம் கேட்க முடியும். பதிவே இல்லையென்றால் நான்கு முறை வந்த கோளாறும் முதல் முறை வந்ததாகத்தான் கணக்கு.

மறுநாள் காலை பள்ளிக்குப் போகும்போது செக்கானூரணியில் நிறுத்தினேன். அங்கே என்னிடம் படித்த பையன் ஒருவன் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தான். கோளாறு வந்தால் வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் கோளாறுக் குறியீடு எதுவும் இல்லை. அப்போ அவர்கள் சொன்னது சரிதானா என்றேன். "இருங்க டீச்சர்" என்று இன்னொரு பக்கத்தைத் திறந்தான். குறியீடுகளை அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று காட்டும் கணக்கு அதில் இருக்கிறது. 31 கிலோமீட்டர் என்று காட்டியது. டேஷ்போர்டில் 9,443. முந்தின நாள் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வண்டி வெளியே வந்தபோது கேட் பாஸில் எழுதியிருந்தது 9,412.

"அழிச்சு விட்டுட்டுத்தான் ஒண்ணுமில்லன்னு சொல்லிருக்காங்க டீச்சர்" என்றான்.

குறியீட்டை அழிக்கும்போது கோளாறு வந்த நொடியில் வண்டி என்ன வேகத்தில் இருந்தது, எஞ்சின் எவ்வளவு சூடாக இருந்தது என்று பதிவான விவரமும் சேர்ந்தே போய்விடும். இந்தக் கணக்கைக் கொண்டுபோய்க் காட்டியபோது மேனேஜர், பேட்டரியைக் கழற்றினாலும் அது பூஜ்ஜியமாகும் என்றார். சில வண்டிகளில் அப்படி ஆவது உண்டு. சரி, பேட்டரியை எதற்குக் கழற்றினீர்கள், அது ஏன் ஜாப் கார்டில் இல்லை என்றேன். அதற்குப் பதில் வரவில்லை. ஆகவே நீங்கள் வண்டியை விடுவதற்கு முன்னால் வெளியில் ஒரு ஸ்கேன் எடுத்து, திரையை ஓடோமீட்டரோடு சேர்த்துப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெரிய செலவில்லை. ஆனால் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரையும் படிக்கும் ஸ்கேனராக இருக்க வேண்டும், மலிவான சில கருவிகள் எஞ்சினை மட்டும்தான் படிக்கும்.

அதற்குப் பிறகு வாயால் பேசுவதை நிறுத்தினேன். நான்கு முறையும் எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டர், எங்கே, என்ன நடந்தது என்று எழுதி, மகள் எடுத்த இரண்டு வீடியோக்களோடு கம்பெனிக்கு மெயில் போட்டேன். ஓட்டிக்கொண்டே எடுக்காதீர்கள், பக்கத்தில் இருப்பவர் எடுக்கட்டும், ஓடோமீட்டரும் எச்சரிக்கையும் ஒரே காட்சியில் தெரியட்டும். அதே கடிதத்தை டீலருக்கும் கம்பெனித் தலைமை அலுவலகத்துக்கும் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்தேன். இந்த மூன்றும் ஆனபிறகு, அதுவரை இல்லாத கம்பெனி டெக்னிக்கல் ஆள் ஒருவர் நவம்பரில் வந்தார். அவரை என்னோடு உட்காரவைத்து, மாலை 6 மணிக்குக் கோரிப்பாளையத்தில் 50 நிமிடம் ஓட்டினேன். உதறியது. இறங்கியதும் அவர் சொன்னது, "கிளட்ச் செட்டும் கண்ட்ரோல் யூனிட்டும் மாத்தணும் மேடம், வாரண்டில." 84,000 ரூபாய்ப் பேச்சு அன்றோடு காணாமல் போனது. உதிரி பாகம் வந்து மாட்ட 23 நாள் ஆயிற்று. அதுவரை மாற்று வண்டி தரவில்லை.

2025 பிப்ரவரியில், 12,800 கிலோமீட்டரில் உதறல் திரும்ப வந்துவிட்டது.

ஆணையத்துக்குப் போனேன். வக்கீல் கட்டாயமில்லை, நாமே மனு போடலாம். வண்டி வாங்கிய ஊர் எதுவாக இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழி செய்கிறது. கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 10 முதல் 20 லட்சம் வரை விலைக்குக் கட்டணம் வெறும் 400 ரூபாய். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும், "இன்னொரு தடவை பாத்துருவோம் மேடம்" என்பதை நம்பி அதைத் தாண்ட விட்டுவிடாதீர்கள். புது வண்டியே மாற்றித் தருவார்கள் என்ற எண்ணத்தோடும் போகாதீர்கள். பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றுவது மட்டும்தான் வாரண்டியில் இருக்கிறது என்றால் முழு வண்டியை மாற்றச் சொல்ல முடியாது என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் ஒரு கார் வழக்கில் சொல்லியிருக்கிறது. உற்பத்திக் கோளாறு என்று நிறுவ நிபுணர் அறிக்கை கேட்பார்கள். அந்த நிபுணருக்கும் முதலில் வேண்டியது ஜாப் கார்டுகள்தான். இன்னொன்று, 7 வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் புகார் சேர்ந்தால் கட்டாயமாகத் திரும்ப அழைக்க வைக்கும் விதி 2021 ஏப்ரல் முதல் இருக்கிறது. அந்தப் புகார்களை வாங்க அரசு தனித் தளமே வைத்திருக்கிறது. நானும் பதிந்திருக்கிறேன். அதே மாடல் வைத்திருப்பவர்கள் நீங்களும் பதியுங்கள்.

அந்த பிப்ரவரி உதறலுக்காக வண்டியை விட்டபோது, வாடிக்கையாளர் புகார் என்ற கட்டத்தில் நான் சொன்னதைச் சொன்னபடி ஏற்றும்வரை கையெழுத்துப் போடவில்லை: "40 நிமிட நெரிசலுக்குப் பின் 1-2 மாற்றத்தில் உதறல், ஒருமுறை ரிவர்ஸும் 2-ஆம் கியரும் விழவில்லை, கோளாறு வந்தது இது ஐந்தாவது முறை." மூன்று தடவை மாற்றி அடித்தார்கள். எனக்குப் பின்னால் மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார், அதே மாடல். "எனக்கும் இப்படித்தாம்மா குலுக்குது. என்னத்த எழுதச் சொல்றீக?" என்று கேட்டார். அவர் கையில் இருந்த கார்டை வாங்கிப் பார்த்தேன். பொதுச் சோதனை, வாட்டர் வாஷ். படித்துச் சொன்னேன். அவர் அதைத் திரும்பக் கவுன்டரில் வைத்து, "தம்பி, இத மாத்தி அடிச்சுக் குடு" என்றார்.

அடுத்த வாய்தா வரும் மாதம். வண்டி இன்னும் ஒர்க்‌ஷாப்பில்தான் நிற்கிறது. ஆரப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் பள்ளிக்குப் போய் வருகிறேன்.