கோத்தகிரி மலைக்கு ஏடி டயர் – பொலிரோல 9,000 கிலோமீட்டர் ஓட்டி பாத்துட்டு எழுதுறேன்

மொதல்லயே சொல்லிடறேன், நான் போட்டிருக்கிறது எந்த கம்பெனி டயருன்னு இதுல எழுதப் போறதில்ல. எழுதினா பேச்சு பூரா அந்த கம்பெனி நல்லதா கெட்டதான்னு போயிடும், எனக்கு சொல்ல வேண்டியது வேற. மலைல இருந்துகிட்டு ஏடி (ஆல் டெரைன், தார் ரோடு மண்ணு ரெண்டுக்கும் ஆன டயர்) வாங்கணும்னு நினைக்கிறவங்க பெரும்பாலும் தப்பான விஷயத்த பாத்து வாங்குறாங்க, நானும் அப்படித்தான் வாங்க இருந்தேன்.

வண்டி 2017 பொலிரோ, டூவீல் டிரைவ், ஏபிஎஸ் (பிரேக் அடிச்சா வீல் லாக் ஆகாம பாத்துக்கிறது) கிடையாது. வீடு கீழ் கோத்தகிரி பக்கம், கொஞ்சம் தேயிலை இருக்கு. வாரத்துக்கு ஒரு தடவயாவது கோயம்புத்தூர் போய் வரணும், அம்மாவுக்கு ஆஸ்பத்திரி, இல்லன்னா உரம், மெஷின் சாமான் ஏதாவது. மிச்ச நாள் தோட்டத்துக்குள்ளயும் ஹட்டிக்கும் (படுகர் ஊருங்க) ஓடும். கணக்கு போட்டா நூத்துக்கு எண்பத்தஞ்சு தார் ரோடு, பாக்கிதான் செம்மண்ணும் கல்லும். இந்த எண்பத்தஞ்ச ஞாபகம் வச்சுக்கோங்க.

முன்னாடி இருந்தது எச்டி டயர், அதாவது ரோட்டுக்குன்னே செஞ்சது. ஓட்டுறதுக்கு எந்த குறையும் சொல்ல முடியாது, சத்தமே இருக்காது. ஆனா போன ஆகஸ்ட்ல மேல் தோட்டத்துல கவாத்து, அதாவது தேயிலைச் செடிய வெட்டி விடுறது, முடிஞ்ச நேரம், கவாத்து போட்ட செடிய பக்கத்துல பாத்தவங்களுக்கு தெரியும், ஒவ்வொரு குச்சியும் சாய்வா சீவி பேனா முனை மாதிரி நிக்கும். எதிர்ல கொழுந்து ஏத்திகிட்டு பிக்கப் வந்துச்சு, அவனுக்கு வழி விடணும்னு ஓரமா ஒதுங்குனேன், அவ்வளவுதான், இடது பின் டயர்ல ஒரு சத்தம். எறங்கி பாத்தா பக்கவாட்டுல ஒரு விரல் நுழையுற அளவுக்கு கிழிசல், உள்ள நூல் நூலா தெரியுது. பஞ்சர் கடை அண்ணன் விரல விட்டு பாத்துட்டு "பட்டன்ல போயிருந்தா ஒட்டிரலாம் தம்பி, சைடுல போச்சுன்னா டயரே போச்சுன்னு வச்சுக்க"ன்னு சொல்லி தூக்கி ஓரமா போட்டாரு. பட்டன்னா ரோட்டுல படற ரப்பர் கட்டைங்க. ரெண்டு வருஷத்துல இது மூணாவது. அன்னைக்குதான் ஏடி போட்டுரலாம்னு முடிவு பண்ணேன்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா: எச்டி ரோட்டுக்கு, எம்டி சேத்துக்கு, ஏடி ரெண்டுக்கும் நடுவுல. எம்டிய பத்தி யோசிக்கவே வேண்டாம், பட்டன் பெருசு பெருசா டிராக்டர் மாதிரி இருக்கும், ஈரத் தார்ல பிரேக் அடிச்சா நிக்கிற தூரம் கூடும், சத்தத்துல பக்கத்து சீட்டுல இருக்கிறவங்ககிட்ட பேச முடியாது.

ஏடிலயே ரகம் இருக்குங்கிறதுதான் நான் லேட்டா கத்துகிட்டது. சிலது முரட்டு ஏடி, பட்டனுக்கு நடுவுல அகலமா பள்ளம், தோள்ல, அதாவது பட்டனும் பக்கவாட்டும் சேர்ற விளிம்புல, பல்லு பல்லா வெளிய நீட்டிகிட்டு இருக்கும், வண்டிக்கு போட்டா பாக்க சூப்பரா இருக்கும். சிலது சாதுவான ஏடி, தூரத்துல இருந்து பாத்தா எச்டி மாதிரியே தெரியும், கிட்ட வந்து பாத்தாதான் ஒவ்வொரு பட்டன் மேலயும் பிளேடு வச்சு கீறின மாதிரி மெல்லிசா கோடு கோடா இருக்கிறது தெரியும். அதுக்கு சைப்புன்னு பேரு. ஈரத் தார்ல அந்த கோட்டோட விளிம்புதான் ரோட்ட கவ்வும். பள்ளம் அகலமா இருந்தா சேறு வெளிய தள்ளும், உண்மைதான், ஆனா ரோட்டுல படற ரப்பர் அந்த அளவுக்கு குறையும். நமக்கு ஐப்பசி கார்த்திகை பூரா மழை, அது போக மிஸ்ட், மேட்டுப்பாளையம் ரோட்டுல குஞ்சப்பனைக்கு மேல மர நிழல் விழற வளைவுல எல்லாம் தார் மேல பாசி. நம்ம ஊர்ல உசுருக்கு ஆபத்து சேத்துல இல்லீங்க, சேத்துல மாட்டுனா நாலு பேர் வந்து தள்ளுவாங்க. ஆபத்து ஈரத் தார் ரோட்டுல, எறக்கத்துல, கொண்டை ஊசி வளைவுல எதிர்ல பஸ் வரும்போது. நான் ஓட்டுறதுல நூத்துக்கு எண்பத்தஞ்சு அந்த தார் ரோடுதான், அதனால டயர் ஈரத்துல எப்படி நிக்குதுன்னுதான் மொதல்ல பாக்கணும், பட்டன் சைஸு அதுக்கு அப்புறம்.

கோயம்புத்தூர்ல ஒரு கடைக்கு போனேன், பேரு வேண்டாம். ஏடின்னு சொன்னதும் கடைக்காரர் யோகோஹாமா ஜியோலாண்டர், அப்பல்லோ ஆப்டெரா, சியட் கிராஸ்டிரைவ், மேக்சிஸ் பிராவோ, பிஎஃப் குட்ரிச் கேஓ2ன்னு மூச்சு விடாம அடுக்குனாரு. பொலிரோவுக்கு 215/75 ஆர்15, இந்த சைஸு எல்லா மாடல்லயும் வராது, அதனால மாடல் பேர சொல்லி கேக்காம சைஸ சொல்லி என்ன இருக்குன்னு கேளுங்க, நேரம் மிச்சம். அவர் ஒண்ண உருட்டிகிட்டு வந்து "இத போடுங்ணா, உங்க மலைக்குன்னே செஞ்ச டயர்"னாரு. நான் குனிஞ்சு பக்கவாட்டுல டிஓடின்னு ஆரம்பிக்கிற வரிய தேடுனேன், கடைசி நாலு நம்பர் 4722. அப்படின்னா 2022ல 47ஆவது வாரம் செஞ்சது, நான் போனது 2025 அக்டோபர், மூணு வருஷம் குடோன்ல கெடந்திருக்கு. கேட்டா "டயர் என்ன பிரெட்டுங்களா, கெட்டுப் போறதுக்கு"ன்னு சிரிக்கிறாரு. கெட்டுப் போகாது சரி, ஆனா ரப்பர் சும்மா வச்சாலே இறுகும், புதுசு வெலைல பழசு நான் எதுக்கு வாங்கணும்? விலையிலயும் குறைக்க மாட்டேன்னுட்டாரு, வந்துட்டேன். இன்னொரு விஷயம், இந்த நாலு நம்பர் பெரும்பாலும் டயரோட ஒரு பக்கத்துலதான் இருக்கும், மாட்டும்போது அந்த பக்கம் உள்ள போயிருச்சுன்னா அப்புறம் நீங்க வண்டிக்கு அடியில படுத்துதான் பாக்கணும், அதனால மாட்டுறதுக்கு முன்னாடியே நாலு டயரையும் பாத்துருங்க.

அப்புறம் மேட்டுப்பாளையத்துல ஒரு சின்ன கடைல 2925 கெடச்சுது, சாதுவான ஏடி, நாலும் பிட்டிங், பேலன்சிங், அலைன்மெண்ட் எல்லாம் சேத்து 31,500. செப்டம்பர் 22ல இருந்து டயருக்கு ஜிஎஸ்டி 28ல இருந்து 18 ஆனதால கொஞ்சம் தப்பிச்சேன்.

அங்க ஒரு பையன் 235/75 போடுங்கண்ணா வண்டி தூக்கலா இருக்கும்னான். ஆசைதான். ஆனா கணக்கு போட்டு பாத்தேன், 215/75 ஆர்15 டயரோட மொத்த உயரம் சுமார் 703 மில்லி, 235/75 போட்டா 733. நாலு சதவீதத்துக்கு மேல கூடுது. மீட்டர்ல 60 காட்டும்போது வண்டி 62க்கு மேல போகும், அது கூட பரவால்ல, ஏத்தத்துல கியரிங் நீளமா போயிடும், செகண்ட்ல ஏறுற இடத்துல ஃபர்ஸ்ட் கேக்கும். எங்க பக்கத்துல ஒருத்தர் பெருசா மாட்டிட்டு வளைவுல ஸ்டியரிங்க ஃபுல்லா ஒடிச்சா உள்ள உரசுதுன்னு மட்கார்ட அறுத்துகிட்டு இருக்காரு. கம்பெனி சைஸே போதும். லோடு இண்டெக்ஸ் மட்டும் பழசுல இருந்தத விட குறையாம பாத்துக்கோங்க, 100னு இருந்தா ஒரு டயர் 800 கிலோ தாங்கும்னு அர்த்தம், பின்னாடி உர மூட்டை ஏத்துறவங்களுக்கு இது முக்கியம். எல்டின்னு (லைட் டிரக், லோடு வண்டிக்கானது) போட்ட ரகம் பக்கவாட்டு இன்னும் கெட்டி, ஆனா வெயிட்டு, வெறும் வண்டியா ஓட்டுனா தூக்கி தூக்கி போடும். நான் அதுக்கு போகல.

சரி, ஓட்டுறதுக்கு எப்படி இருக்கு?

மொத நாள் கோயம்புத்தூர் போகும்போது காரமடை தாண்டி 70 தொட்டதும் ஊஊன்னு ஒரு சத்தம். வீட்டுக்காரி "ஏங்க, பேரிங் போயிருச்சா?"ன்னு கேட்டா. டயர்தான்னு சொன்னேன், "இதுக்கா 31,000"னு அதோட பேச்சு முடிஞ்சுது. ஒரு மாசத்துல காது பழகிருச்சு, 50க்கு கீழ சத்தமே தெரியாது, மலைல நம்ம போற ஸ்பீடே அதுதான். மைலேஜ் 14 குடுத்துட்டு இருந்தது இப்ப 13. ஸ்டியரிங் கொஞ்சம் மந்தமா இருக்கு, வளைவுல வெட்டுனா ஒரு நொடி யோசிச்சுட்டு திரும்புற மாதிரி.

ஈரத் தார்ல பழைய எச்டி புதுசா இருந்தப்ப எப்படியோ அத விட ஒரு மாத்து கம்மிதான், மறைக்க ஒண்ணும் இல்ல. பாசி மேல எந்த டயரும் நிக்காது. நவம்பர் மழைல ஒரு நாள் ஏடி போட்டாச்சுங்கிற தெம்புல எறக்கத்துல தேர்டுல வந்து, வளைவுல பிரேக்க மிதிச்சேன், முன்னாடி ரெண்டும் லாக் ஆகி ஒரு முழம் இழுத்துகிட்டு போச்சு. கைப்பிடி சுவர் ரொம்ப பக்கத்துல தெரிஞ்சுது. அதுல இருந்து ரோட்டோர போர்டுல எழுதியிருக்கிற மாதிரி எறக்கத்துல செகண்ட் கியர்தான்.

தோட்டத்துக்குள்ளதான் காசு வசூல் ஆகுது. சல்லிக்கல் ஏத்தத்துல முன்னாடியெல்லாம் பின் டயர் சுத்தி கல்ல வாரி அடிக்கும், இப்ப அப்படியே கவ்விகிட்டு ஏறுது. கவாத்து குச்சி பக்கவாட்டுல ரெண்டு எடத்துல உரசி கோடு போட்டிருக்கு, உள்ள போகல. நான் குடுத்த காசு இதுக்குதான். ஆனா செம்மண்ணு நல்லா ஊறி பிசுபிசுன்னு இருக்கும்போது பட்டன் நடுவுல அப்பிகிட்டு பத்தடியில டயர் மொட்டையா ஆயிடுது, டூவீல் டிரைவ்ல அதுக்கு மேல எதிர்பாக்க கூடாது. அந்த மாதிரி நேரம் காத்த 22 பிஎஸ்ஐ வரைக்கும் எறக்கினா கொஞ்சம் ஏறும், ஆனா ரோட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி திரும்ப அடிக்கணும், அதுக்கு 12 வோல்ட் பம்பு ஒண்ணு வண்டில கெடக்கட்டும்.

காத்துன்னதும் ஞாபகம் வருது. மேட்டுப்பாளையத்துல மத்தியானம் வெயில்ல காத்து புடிச்சுட்டு மேல வந்து காலைல கேஜ் வச்சா நம்பர் மாறியிருக்கும், டயர் லீக்குன்னு பயந்துராதீங்க. குளிர்ல ஆறு டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ கணக்குல கொறையும், அதே சமயம் 1,500 மீட்டர் மேல ஏறினதால வெளிக்காத்து லேசாகி கேஜ்ல ரெண்டு பிஎஸ்ஐ கிட்ட கூட காட்டும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சு போய் மிச்சம் வர்றதுதான் நீங்க பாக்குற நம்பர். பேசாம வீட்டு வாசல்லயே, காலைல வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி, கதவு பக்கத்துல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் நம்பருக்கு புடிச்சுக்கோங்க.

தேய்மானம் இதுவரைக்கும் மோசமில்ல, ஆனா முன் டயர் ரெண்டும் வெளித்தோள்ல முதல்ல தேயுது, வளைவு வளைவா ஒடிச்சா அப்படித்தான். 8,000ல முன்ன பின்ன மாத்திட்டேன். காசு பத்தலன்னு ரெண்டு மட்டும் புதுசு போடுறவங்க முன்னாடி போடாதீங்க, புதுச பின்னாடி போடுங்க, வளைவுல பின்பக்கம் வழுக்குனா புடிச்சு நிறுத்துறது கஷ்டம்.

ஸ்டெப்னி இன்னும் அந்த பழைய எச்டிதான், அதுலயும் ஒரு தோள்ல வெட்டு இருக்கு. அஞ்சாவதுக்கு கேட்டா அந்த சின்ன கடைக்காரர் அதே மாடல் தீபாவளிக்கு முன்னாடி வரும்ங்கிறாரு. வந்தா நாலு நம்பர போன்லயே படிச்சு சொல்லுங்கண்ணான்னு சொல்லி வச்சிருக்கேன்.