செய்மதி மழைத் தரவும் மலை மழைமானியும்: நீண்டகாலப் பயன்பாட்டின் பின்

யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே நுவரெலியாவினதும் இமயச் சரிவுகளினதும் மழைவீழ்ச்சியை ஆராய விரும்புபவர்களுக்கு செய்மதி மதிப்பீடுகளான இமேர்ஜ் (IMERG), சிர்ப்ஸ் (CHIRPS), வானிலை மாதிரியால் மீள்கணிக்கப்படும் ஈஆர்ஏ5 (ERA5) ஆகிய தரவுத்தொகுதிகள் இலவசமாகக் கிடைப்பது பெரும் பேறு. பல ஆண்டுகளாக இவற்றைத் தரைப் பதிவுகளுடன் ஒப்பிட்டு வந்ததில் நான் கண்ட முடிவு இது: மழை எப்போது பெய்தது என்பதற்கு இவற்றைப் பெருமளவு நம்பலாம், மலையில் எவ்வளவு பெய்தது என்பதற்குத் தரை அளவீட்டின் துணையின்றி நம்பலாகாது.

ஒப்பீட்டில் முதலில் கவனிக்க வேண்டியது நேரம். இலங்கையில் நாளாந்த மழைவீழ்ச்சி காலை 8.30 மணிக்கு வாசிக்கப்படுகிறது. இமேர்ஜின் நாளோ கிறீன்விச் நள்ளிரவில், அதாவது நமக்குக் காலை 5.30 மணிக்கே தொடங்கிவிடுகிறது. மாரி காலத்தில் விடியற்புறம் கொட்டும் மழை இந்த 3 மணித்தியால இடைவெளியில் விழுந்தால், செய்மதிக் கணக்கில் அது புதிய நாளுக்கும் மழைமானிக் கணக்கில் முடிகின்ற நாளுக்கும் போய்ச்சேரும். போதாக்குறைக்கு, வாசித்த நாளின் திகதியிலேயே பதியும் ஏடுகளும் உண்டு, முந்திய நாளின் திகதியில் பதிபவையும் உண்டு. ஆகவே நாளாந்தக் கோப்பை விட்டுவிட்டு, அரைமணிக் கோப்புகள் 48ஐ கிறீன்விச் 3 மணியிலிருந்து கூட்டுவதே முறை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி வானிலை நிலையம் போன்ற சமதரைப் பதிவொன்றில் இதைச் சரிபார்த்த பின்னரே மலைக்குப் போக வேண்டும் என்பேன்.

மலையில் சிக்கல் வேறு. அகச்சிவப்பு உணரி முகிலின் உச்சி வெப்பநிலையைப் பார்த்து மழையை ஊகிக்கிறது. தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதி எழுப்பும் தாழ்முகில்களின் உச்சி அவ்வளவு குளிர்வதில்லை என்பதால், அங்கே பெய்யும் கனமழை குறைவாகவே மதிப்பிடப்படுகிறது. நுண்ணலை உணரி தரைக்கு மேல் பெரும்பாலும் பனிக்கட்டித் துகள்களின் சிதறலையே நம்பியிருக்கிறது. இமயத்தில் நிலத்தில் கிடக்கும் பனியே அதைக் குழப்பிவிடும். இமேர்ஜ் ஒரே மழை அளவைக் கொடுக்கும் 0.1 பாகைக் கட்டம் ஏறத்தாழ 11 கிலோமீற்றர் அகலமானது. 2524 மீற்றர் உயரமான பிதுருதலாகலையும் 1868 மீற்றரில் உள்ள நுவரெலியா நகரும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடக்கூடிய தூரத்தில்தான் உள்ளன. சிர்ப்ஸின் கட்டம் 0.05 பாகைதான்; ஆனால் கட்டம் சிறியது என்பதற்காக உண்மை நுணுக்கமாகிவிடாது. இமயத்தின் குளிர்காலப் பனிப்பொழிவுக்கு நான் ஈஆர்ஏ5ஐயே முதலில் எடுப்பேன். கோடைப் பருவ அளவுகளை அது மிகைப்படுத்தும் என்பதையும் மறப்பதில்லை.

மழைமானியும் பிழையற்ற சாட்சி அல்ல. பலத்த காற்றில், காற்றுத்தடுப்பு இல்லாத மானி விழும் பனியில் பாதிக்கு மேலும் தவறவிடக்கூடும். மேல் சிந்து வடிநிலத்தில் பனியாறுகளின் நிலையையும் ஆற்றுநீர் ஓட்டத்தையும் வைத்துக் கணித்தபோது, கட்டத் தரவுகள் காட்டுவதைவிட மிக அதிகமான படிவீழ்ச்சி (மழையும் பனியும் சேர்ந்தது) தேவைப்பட்டது. அப்படியான இடத்தில் செய்மதியும் மானியும் ஒத்துப்போனால், இரண்டுமே குறைத்துச் சொல்கின்றனவா என்றே முதலில் ஐயுற வேண்டும்.

இமேர்ஜின் இறுதி வெளியீடு (Final Run) தரை நிலையங்களின் மாதாந்தத் தரவுகளால் திருத்தப்பட்டது; சிர்ப்ஸும் நிலையத் தரவைக் கலந்தது. அதே நிலையங்களைக் கொண்டு அவற்றைச் சோதித்தால் கிடைக்கும் பொருத்தம் பெறுமதியற்றது. ஏறத்தாழ 4 மணித்தியாலத்தில் வெளிவரும் இமேர்ஜின் முதல் வெளியீட்டைச் (Early Run) சோதிக்கலாம், அல்லது அந்தக் கலப்பில் சேராத தேயிலைத் தோட்டத்து மானிகளைத் தேடலாம். எதைச் செய்தாலும் இமேர்ஜ் கணிப்புமுறையின் ஆறாம் பதிப்பையும் (V06) ஏழாம் பதிப்பையும் (V07) ஒரே தொடராக ஒட்டக் கூடாது. தொடர் முழுவதையும் புதிய பதிப்பிலேயே மீண்டும் இறக்கிக்கொள்ள வேண்டும்.