வேட்டைத் தோட்டா வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: என் 640 டாலர் போச்சு

கோபம் இன்னும் அடங்கவில்லை. எந்த விலங்குக்கு எந்தத் தோட்டா என்று விரிவாக எழுதுவதாகச் சிலரிடம் சொல்லியிருந்தேன். அது கிடக்கட்டும், முதலில் இதைப் படியுங்கள்.

தோட்டாவும் வேட்டைச் சாமானும் விற்கிற ஓர் ஆன்லைன் கடை. என்னிடம் இருப்பது .30-06 (தோட்டாவின் அளவுப் பெயர்) ரைஃபிள். மான், எல்க், மூஸ் (பின்னவை இரண்டும் பெரிய மான் இனங்கள்) மூன்றுக்கும் சேர்த்து வாங்கலாம் என்று போன் செய்தேன். எடுத்த ஆள் விலையே பேசவில்லை. எவ்வளவு தூரத்தில் சுடுவீர்கள், அடர்ந்த காடா வெட்டவெளியா என்றெல்லாம் விசாரித்தார். .243 என்ற சிறிய தோட்டா மானுக்குச் சரி, எல்க்குக்கு இழுபறிதான்; .375 எச் அண்ட் எச் என்ற பெரிய தோட்டா ஆப்பிரிக்கக் காட்டெருமைக்கு ஆனது, தோளில் வீண் உதை வாங்காதீர்கள் என்றார். 1906-லிருந்து புழங்கும் உங்கள் .30-06 போதும், மானுக்கு 150 கிரெய்ன் (குண்டின் எடை அளவு), மற்ற இரண்டுக்கும் 180 கிரெய்ன் எடுங்கள் என்றார். ஒரு சொல் தப்பில்லை! புதிதாக, அதிக வலுவுள்ள ஒரு மேக்னம் ரைஃபிளை என் தலையில் கட்டப் பார்க்கவும் இல்லை. விஷயம் தெரிந்த மனுஷன் என்று நம்பி 640 டாலரையும் அப்போதே கட்டினேன்.

வந்த பெட்டிகளின் மேல் 'சாஃப்ட் பாயின்ட்' என்றுதான் அச்சடித்திருக்கிறது. உள்ளே இருப்பது பழைய இராணுவச் சரக்கு. சாஃப்ட் பாயின்ட் என்றால் குண்டின் நுனியில் சாம்பல் நிற ஈயம் தெரிய வேண்டும். அதுதான் உடம்பில் பட்டதும் விரிந்து விலங்கைச் சாய்க்கும். எனக்கு வந்தவை நுனிவரை செம்பு மூடிய ஃபுல் மெட்டல் ஜாக்கெட். விரியாது, ஊசி மாதிரி துளைத்துக்கொண்டு போகும். அடிபட்ட மூஸ் எங்கோ ஓடிக் கிடந்து துடித்துச் சாகும். பல இடங்களில் இதை வைத்து வேட்டையாடுவதே குற்றம். தோட்டாவின் அடியில் 51 என்று ஆண்டு முத்திரை வேறு. அந்தக் காலத்து இராணுவத் தோட்டாக்கள் பலவற்றில் பிரைமர் (அடியில் இருக்கும் பற்றவைப்பு மருந்து) துப்பாக்கிக் குழலுக்குள் உப்பை விட்டுத் துரு ஏற்றிவிடும்.

புகார் செய்தால் போட்டோ கேட்டார்கள். அனுப்பினேன். கிடங்குப் பிரிவு பார்க்கும் என்றார்கள். அப்புறம், பாதுகாப்புக் காரணங்களால் தோட்டாக்களைத் திரும்பப் பெறுவதில்லையாம். அந்த விதி பெரும்பாலான கடைகளில் உண்டு, தெரியும். மனம் மாறியா திருப்பித் தருகிறேன்? நீங்கள் மாற்றி அனுப்பியதைத்தானே! போனில் பேசிய ஆளைக் கேட்டால், அவர் வேறு பிரிவுக்குப் போய்விட்டாராம். கடைசியாக வந்த பதில்: "இதுவும் .30-06 தானே, உங்கள் ரைஃபிளில் வேலை செய்யும்." 640 டாலர் வாங்கிக்கொண்டு பேசுகிற பேச்சா இது?

சொன்னபடி விரிவாக எழுதப் பொறுமையில்லை, இவற்றை மட்டும் சொல்கிறேன். குண்டின் வகையையும் எடையையும் பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்குங்கள். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். பெட்டியை நம்பாமல் குண்டின் நுனியைப் பாருங்கள். .300 வின்செஸ்டர் மேக்னமும் .300 டபிள்யூஎஸ்எம்மும் வேறு வேறு தோட்டாக்கள், ஒன்றுக்கு மற்றது என்று யாராவது தள்ளிவிட்டால் ரைஃபிளில் போடவே போடாதீர்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் உடனே கார்டு கொடுத்த வங்கியில் புகார் கொடுங்கள். நானும் இன்று 640 டாலருக்கும் கொடுத்துவிட்டேன்.