திரையா, திண்ணையா?

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்ட பின் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைகொடுத்தவை இரண்டு: 2019இலேயே தொடங்கியிருந்த அரசின் கல்வித் தொலைக்காட்சியும், 2021 அக்டோபரில் வந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டமும். பள்ளிகள் திறந்த பிறகும் இரண்டும் உடனே மறைந்துவிடவில்லை.

தொலைக்காட்சியின் பலம் அதன் வீச்சு. இணையம் இல்லாத வீட்டுக்கும் பாடம் போய்ச் சேர்ந்தது; தவறவிட்டவர்கள் யூடியூபிலும் பார்க்கலாம். ஆனால் திரைக்குக் காது கிடையாது. கழித்தலில் கடன் வாங்கத் தடுமாறும் சிறுமியை விட்டுவிட்டு அது அடுத்த பாடத்துக்குப் போய்விடும்.

இல்லம் தேடிக் கல்வியில் அதே ஊர்த் தன்னார்வலர் ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண், மாலையில் சுமார் இருபது பிள்ளைகளைத் திண்ணை போன்ற ஓர் இடத்தில் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்தார். ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய். அந்த உழைப்புக்கு இது மிகவும் குறைவு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அவர்களில் பலர் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் அல்லர் என்பதும் உண்மை. ஆனாலும் "அக்கா, புரியவில்லை" என்று சொல்ல எதிரில் ஓர் ஆள் இருந்தார்.

தானாகப் படிக்கத் தெரிந்த பத்தாம் வகுப்பு மாணவருக்குத் திரை உதவும். எழுத்துக்கூட்டவே திணறும் ஏழு வயதுப் பிள்ளைக்கு நான் திண்ணையைத்தான் தேர்ந்தெடுப்பேன்.