30 கிலோவோல்ட்டுக்கு எந்த ஒயர்: ஆர்.ஜி. 213-ஆ, சிலிகானா, பிளக் ஒயரா?

வீட்டில் ஃபியூசர் (உயர் வோல்ட்டேஜால் அணுக்கருக்களை மோதி இணைக்கும் சிறு கருவி) கட்டுகிறவர்களுக்கு 30 கிலோவோல்ட் டி.சி. புதிதல்ல. மின்னோட்டம் பத்து, இருபது மில்லியாம்ப்தான். ஆளைக் கொல்ல அது போதும். ஆனால் ஒயரின் செம்பு எவ்வளவு தடிமன் என்று கவலைப்படத் தேவையில்லை. பார்க்க வேண்டியது இன்சுலேஷனை.

பைக் பிளக் ஒயர் மலிவு, எங்கும் கிடைக்கும். அதன் இன்சுலேஷன் நொடிப்பொழுது துடிப்புகளுக்கானது, மணிக்கணக்கில் நிற்கும் டி.சி.க்கு அல்ல. பல வகைகளில் உள்ளே செம்பே கிடையாது, கார்பன் இழைதான், சால்டர் ஒட்டாது. சோதித்துப் பார்க்க மட்டும் சரி.

சிலிகான் ஒயர் பாம்பு மாதிரி வளையும், சூட்டையும் ஓசோனையும் தாங்கும். அசைகிற இணைப்புக்கு அதுதான் வசதி. கூரான தகரம் பட்டால் கிழிந்துவிடும், விலையும் அதிகம். அதைவிட முக்கியம், ஷீல்டு, அதாவது இன்சுலேஷனைச் சுற்றிய உலோக உறை, இல்லை. ஓட்டை விழுந்தால் மின்சாரம் பக்கத்தில் இருப்பதைத் தேடும். அது நீங்களாகவும் இருக்கலாம்.

ஆர்.ஜி. 213-இல் நடுவில் செம்பு, அதைச் சுற்றி இன்சுலேஷன், அதன்மேல் ஷீல்டாக ஒரு உலோகப் பின்னல். ஓட்டை விழுந்தால் எர்த் செய்த அந்தப் பின்னலுக்குள்ளேயே முடிந்துவிடும். அதனால்தான் நிலையான இணைப்புக்கு என் ஓட்டு இதற்கு. ரேடியோவுக்கான கேபிள் இது. அட்டவணையில் சில கிலோவோல்ட்தான் போட்டிருக்கும். 30 கிலோவோல்ட் டி.சி.க்குப் பலர் ஓட்டுகிறார்கள் என்றாலும் அதற்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை. இன்சுலேஷன் திட பாலிஎத்திலீனாக இருக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஃபோம் வகை வேண்டவே வேண்டாம், அதன் காற்றுக் குமிழிகளில்தான் முதலில் பொறி கிளம்பும்.

சரி, வாங்கியாயிற்று. கேபிள் நடுவில் கெடுவது அபூர்வம், முனையில்தான் கெடும். பின்னலை வெட்டி நிறுத்திய விளிம்பில் மின்புலம் குவிகிறது. அங்கே காற்று அயனியாகி, பாலிஎத்திலீனை மெல்ல அரிக்கிறது. நான் கறுப்பு உறையையும் பின்னலையும் 15 முதல் 20 செ.மீ. வரை உரித்து, வெள்ளைப் பகுதியை, அதாவது பாலிஎத்திலீனை, மட்டும் வெளியே விடுவேன். ஒருமுறை பிளேடு லேசாகக் கீறியதைக் கவனிக்கவில்லை. சரியாக அந்த இடத்திலேயே ஓட்டை. இப்போது உறையைச் சுற்றிக் கீறுவதோடு சரி, பின்னலை மடக்கிக் கத்தரிக்கோலால்தான் வெட்டுகிறேன். வெள்ளைப் பகுதியை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, விளிம்பில் சிலிகான் கிரீஸை இடைவெளி விடாமல் அப்ப வேண்டும். முனையை டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய்க்குள் இறக்க முடிந்தால் இன்னும் நல்லது. பிவிசி டேப் சுற்றுவது வீண், அடியில் காற்று சிக்கிக்கொள்ளும். வினிகர் வாசனை அடிக்கும் சீலன்டும் கூடாது, செம்பை அரிக்கும். செம்பு நுனியில் ஒரு வழவழப்பான உலோகக் குண்டு மாட்டினால் கொரோனா, அதாவது காற்றில் மின்சாரம் கசிவது, குறையும்.

அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு, எட்ட நின்று வோல்ட்டேஜை மெதுவாக ஏற்றிப் பாருங்கள். 'உஸ்' என்ற சத்தமோ ஊதா ஒளியோ தெரிந்தால் சப்ளையை நிறுத்தி, நீளமான பிளாஸ்டிக் கழியில் கட்டிய எர்த் கம்பியால் முனையைத் தொட்டு, கம்பியை அங்கேயே மாட்டி வையுங்கள். சப்ளையை நிறுத்தினாலும் மின்சாரம் தேங்கி நிற்கும்: கேபிளே மீட்டருக்கு 100 பிகோஃபாரட் மின்தேக்கி; சப்ளைக்குள் இருப்பவை அதைவிடப் பெரியவை. அதன்பிறகு முனையை வெட்டியெறிந்து மறுபடி உரிக்க வேண்டியதுதான். இதற்காகவே நான் அரை மீட்டர் கூடுதலாக வாங்குவேன்.